ஜார்ஜ் ஹாரிசனின் பன்னிரண்டு கம்பி கிட்டார்: ஒரு வாத்தியத்தின் தடத்தைப் பிடிப்பது எப்படி?

பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸின் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ பாட்டைக் கேட்டதில்லை என்றால் அதன் முதல் சில வினாடிகளை மட்டும் இப்போதே கேட்டுவிட்டு வாருங்கள். தாளம் தொடங்கும் முன்பே ஒரே ஒரு கார்டு (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது) ‘ட்ராங்’ என்று விழுந்து அப்படியே நிற்கும். அதில் கேட்கும் மினுமினுப்பில் பெரும்பங்கு குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்த ஒரு கிட்டாருடையது: அமெரிக்க நிறுவனமான ரிக்கன்பேக்கர் செய்த 360/12, பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக்.

அந்தக் கிட்டார் எப்போது செய்யப்பட்டது, அவர் கைக்கு எப்படி வந்தது, எந்தப் பாட்டில் இருக்கிறது, எதில் இல்லை என்பதெல்லாம் இன்று நமக்கு நன்றாகவே தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. புகழ்பெற்ற ஒரு வாத்தியத்தின் வரலாற்றைத் தேடுகிறவருக்கு மூன்று சாட்சிகள் உண்டு. வாத்தியத்தின் உடல், ஆவணங்களில் இருக்கும் தேதி, பதிவில் கேட்கும் ஓசை. புதிதாக வருகிறவர்கள் மூன்றாவதைத்தான் முதலில் நம்புவார்கள், ‘கேட்டாலே தெரிகிறதே’ என்று. என் கருத்தில் மூன்றிலும் காதுதான் அதிகம் ஏமாற்றும். மற்ற இரண்டும் துணைக்கு வந்தால்தான் காது சொல்வதற்கு மதிப்பு.

முதலில் அடிப்படை. சாதாரண கிட்டாரில் ஆறு கம்பிகள். பன்னிரண்டு கம்பி கிட்டாரில் அந்த ஆறும் ஆறு ஜோடிகளாக ஆகின்றன; விரல் வைப்பதெல்லாம் ஆறு கம்பி கிட்டாரைப் போலத்தான், ஒரே விரல் இரண்டு கம்பிகளையும் சேர்த்து அமுக்கும். மெல்லிய இரண்டு ஜோடிகளில் இரு கம்பிகளும் ஒரே சுருதி. மீதி நான்கு ஜோடிகளில் ஒன்று வழக்கமான சுருதியிலும் இன்னொன்று அதற்கு ஒரு ஸ்தாயி மேலேயும் இருக்கும். இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஆறு கம்பி கிட்டாரில் உச்ச ஒலி முதல் கம்பியான ஈ, சுமார் 330 ஹெர்ட்ஸ். பன்னிரண்டில் மூன்றாவது ஜோடியின் மெல்லிய ஜி கம்பி 392 ஹெர்ட்ஸில் நிற்கிறது, அதாவது முதல் கம்பிக்கும் மேலே. கார்டின் நடுவிலிருந்து திடீரென ஒரு மணி அடிப்பது போல ஒலி எழுவது இதனால்தான். கிட்டாரிலேயே மெல்லிய கம்பி அதுதான் என்பதால் அடிக்கடி அறுந்துபோவதும் அதுவே.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே சுருதி என்று சொன்னாலும் இரண்டு கம்பிகளை அச்சு அசலாக ஒன்றாக நிறுத்துவது நடக்காத காரியம். ஒன்று 330லும் மற்றது 331லும் அதிர்ந்தால் வினாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். ஆறு ஜோடிகளும் ஒவ்வொரு வேகத்தில் இப்படி ஏறி இறங்கினால் மொத்த ஒலியும் அலைபாய ஆரம்பிக்கும். பலர் சேர்ந்து வாசிப்பது போன்ற அந்த நிறைவு அங்கிருந்துதான் வருகிறது.

இந்த யோசனை ரிக்கன்பேக்கருக்குச் சொந்தமில்லை. லெட் பெல்லி போன்ற பாடகர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஸ்டெல்லா என்ற பெயரில் விற்ற அகௌஸ்டிக் பன்னிரண்டு கம்பி கிட்டாரை, கம்பிகளின் இழுவிசை நெக்கை வளைத்துவிடாதபடி சுருதியை நன்றாக இறக்கி வைத்து, வாசித்துக்கொண்டிருந்தார்கள். எலெக்ட்ரிக்கிலும் முன்னோடிகள் உண்டு: கிப்சன் 1958லிருந்தே இரட்டை நெக் கிட்டார் செய்தது, அதில் ஒரு நெக் பன்னிரண்டு கம்பி. டேனெலெக்ட்ரோ 1961ல் பெல்ஸூக்கி என்ற மாடலை இறக்கியது. ஆக, ‘உலகின் முதல் எலெக்ட்ரிக் பன்னிரண்டு கம்பி கிட்டார் ஹாரிசனுடையது’ என்று யாராவது எழுதியிருந்தால் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

சரி, முதல் சாட்சி. ஹாரிசனின் கிட்டாரில் இருக்கும் வரிசை எண் சிஎம்107. அந்தக் காலத்து ரிக்கன்பேக்கர் எண்களில் முதல் எழுத்து வருடத்தையும் இரண்டாவது எழுத்து மாதத்தையும் குறிக்கும். சி என்றால் 1963, எம் என்றால் டிசம்பர். தொழிற்சாலையிலிருந்து புத்தம்புதிதாக, இரண்டு மாதம் போல மட்டுமே ஆன நிலையில் அவரிடம் வந்து சேர்ந்த கிட்டார் என்பது இந்த ஐந்து எழுத்து எண்ணிலிருந்தே தெரிந்துவிடுகிறது. ரிக்கன்பேக்கர் செய்த பன்னிரண்டு கம்பி கிட்டார்களில் இது இரண்டாவது. முதலாவது லாஸ் வேகாஸ் மேடைக் கலைஞர் சூஸி ஆர்டனிடம் போனது.

எண் இல்லாவிட்டாலும் உடம்பே பேசும். வடிவம் ஜெர்மானியக் கைவினைஞர் ரோஜர் ராஸ்மைசல் வகுத்தது: மேப்பிள் மரம், உள்ளே பாதி குடைந்தது, மேலே வளைந்த நீளமான ஒலித்துளை. நிறம் நிறுவனத்தின் ‘ஃபயர்க்ளோ’, ஓரத்தில் சிவந்து நடுவில் மஞ்சளாக வெளுக்கும். ஓரங்களோ கூர்மையானவை, முன்னும் பின்னும் வெள்ளைப் பட்டை ஓடும். இந்தக் கூர்மையான ஓரத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தலைப்பக்கம். பன்னிரண்டு கம்பிக்குப் பன்னிரண்டு ட்யூனிங் கீ (சுருதி சேர்க்கும் திருகு) வேண்டும், எல்லாவற்றையும் பக்கவாட்டில் வரிசையாக வைத்தால் தலை துடுப்பு மாதிரி நீண்டு கிட்டாரின் சமநிலை கெட்டுவிடும். ரிக்கன்பேக்கரில் வேலை செய்த டிக் பர்க் இதற்கு ஒரு வழி கண்டார். ஆறு கீகளை வழக்கம்போலப் பக்கவாட்டில் வைத்தார். மீதி ஆறை, கிளாசிக்கல் கிட்டாரில் இருப்பது போலப் பின்பக்கம் பார்த்தபடி, தலையில் நீளவாக்கில் குடைந்த பள்ளங்களில் வைத்தார். தலை ஆறு கம்பி கிட்டாரின் அளவிலேயே நின்றுவிட்டது. எந்தக் கீ எந்தக் கம்பியுடையது என்ற குழப்பமும் போயிற்று, ஹாரிசனே இந்த வசதியைப் பாராட்டிச் சொல்லியிருக்கிறார். மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே சுருதி சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கம்பிகளைக் கட்டும் வரிசையிலும் ஒரு மாற்றம். மற்ற பன்னிரண்டு கம்பி கிட்டார்களில் மேலிருந்து கீழே அடிக்கும்போது ஒவ்வொரு ஸ்தாயி ஜோடியிலும் மெல்லிய கம்பி முதலில் படும். ரிக்கன்பேக்கரில் தடித்த கம்பி முதலில் படும், மெல்லியது அதைத் தொடர்ந்து ஒலிக்கும். நுனியில் வெறும் கிணுகிணுப்பாகப் போகாமல் அடி ஒலி கெட்டியாக நிற்பதும், ஒற்றைக் கம்பியில் வாசிக்கும் மெட்டு தெளிவாகக் கேட்பதும் இதனால்தான். இரண்டு கிட்டார்களை ஒப்பிட்டுக் கேட்பவர்கள் ‘ரிக்கன்பேக்கர் ஓசை’ என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு பங்கு பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி) இருக்கிறது, இன்னொரு பங்கு வெறும் இந்தக் கம்பி வரிசையில்.

இரண்டாவது சாட்சி தேதி. பீட்டில்ஸ் முதல்முறையாக அமெரிக்காவில் இறங்கியது 1964 பிப்ரவரி 7. மறுநாள், சனிக்கிழமை, ஹாரிசனுக்குத் தொண்டைக் கோளாறும் காய்ச்சலும். மற்ற மூவரும் சென்ட்ரல் பார்க்கில் பத்திரிகைக்காரர்களுக்குப் படம் பிடிக்க நின்றார்கள், எட் சல்லிவன் ஷோ என்ற டிவி நிகழ்ச்சியின் ஒத்திகைக்கும் போனார்கள். இவர் ப்ளாஸா ஹோட்டலில் படுத்திருந்தார், அக்கா லூயிஸ் பார்த்துக்கொண்டார். ரிக்கன்பேக்கரின் உரிமையாளர் எஃப். சி. ஹால் அன்றைக்கு நியூயார்க்கில்தான் இருந்தார். சவாய் ஹில்டன் ஹோட்டலில் அறை எடுத்து, கிட்டார்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பீட்டில்ஸுக்காகவே பரப்பி வைத்திருந்தார். வாசித்துக் காட்ட பெல்ஜிய ஜாஸ் கலைஞர் டூட்ஸ் தீல்மான்ஸையும் அழைத்து வந்திருந்தார். பீட்டில்ஸின் இன்னொரு கிட்டார் கலைஞர் ஜான் லெனான் 1960லேயே ஹாம்பர்க்கில் ஒரு ரிக்கன்பேக்கர் 325 வாங்கி வாசித்துவந்தவர் என்பதால் ஹாலுக்கு அவர்மேல் குறிப்பான ஆர்வம். லெனான் வந்து பன்னிரண்டு கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இதை ஜார்ஜ் பார்க்க வேண்டும் என்றார். அப்புறம் கிட்டார் ப்ளாஸாவுக்குப் போனது. படுக்கையில் இருந்தவர் வாசித்துப் பார்த்தார், அன்றோடு அது அவருடையதாயிற்று.

ஒரு கிட்டாரின் வாழ்க்கையில் இப்படி நாள் குறித்த ஒரு சம்பவம் கிடைப்பது தேடுகிறவருக்குப் பெரிய வரம். ஏனென்றால் அது ஒரு கோடு போடுகிறது. 1964 பிப்ரவரி 8க்கு முன் பதிவு முடிந்த எந்தப் பீட்டில்ஸ் பாட்டிலும் இந்தக் கிட்டார் இருக்கவே முடியாது, உங்கள் காது எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் சரி. பிப்ரவரி 9 இரவு 7 கோடிப் பேருக்கு மேல் பார்த்த எட் சல்லிவன் நிகழ்ச்சியைப் பாருங்கள். கிட்டார் கைக்கு வந்து ஒருநாள் ஆகியிருந்தாலும் மேடையில் ஹாரிசன் வாசித்தது தன் பழைய கிரெட்ஷ் கிட்டார்தான்.

பதிவு அறையில் அது முதலில் ஒலித்தது ‘யூ கான்ட் டூ தட்’ பாட்டில், லண்டனில் பிப்ரவரி 25 அன்று. ஹாரிசனுக்கு அன்று 21வது பிறந்தநாள். பாட்டின் ஆரம்பத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும் அந்தக் கொக்கி போன்ற மெட்டுத்துண்டு பன்னிரண்டு கம்பியில் வாசித்தது. நடுவே வரும் தனிவாசிப்போ லெனானுடையது, அவரது ஆறு கம்பி 325ல். ‘ஐ ஷுட் ஹாவ் நோன் பெட்டர்’ பதிவும் அதே வாரத்தில். ஏப்ரல் 16ல் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’, ஒன்பது டேக் (வாசித்துப் பதிந்த முறை). அடுத்த பிப்ரவரியில் ‘டிக்கெட் டு ரைட்’.

இந்தத் தேதிகள் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் பீட்டில்ஸின் இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐயின் ஒழுங்கு. ஒலிநாடாப் பெட்டியிலும் பதிவுத் தாளிலும் நாள், பாட்டு, டேக் எண் எல்லாம் எழுதி வைத்தார்கள். ஆனால் எந்த வாத்தியத்தில் யார் வாசித்தார்கள் என்பது அந்தத் தாள்களிலிருந்து நேராகக் கிடைக்கும் விஷயம் இல்லை. அங்கேதான் புகைப்படங்களும் திரைப்படக் காட்சிகளும் காதும் வேலைக்கு வருகின்றன.

இப்போது மூன்றாவது சாட்சி, காது. அதன் ஏமாற்று வேலைக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, 1964 ஜனவரியில் வந்த ‘நீடில்ஸ் அண்ட் பின்ஸ்’, பாடியது தி சர்ச்சர்ஸ். கேட்டால் யாரும் சத்தியம் செய்வார்கள், பன்னிரண்டு கம்பிதான் என்று. ஆனால் அது இரண்டு ஆறு கம்பி கிட்டார்கள் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசித்தது. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள், ஜோடிக் கம்பிகளின் அலைபாயும் ஒலி எதனால் வருகிறது? கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இரண்டு கம்பிகள் அதிர்வதால். அந்த இரண்டு கம்பிகள் ஒரே கிட்டாரில் இருந்தாலும் இரண்டு கிட்டாரில் இருந்தாலும் காற்றுக்கு ஒன்றுதான்.

இரண்டாவது, நாம் ஆரம்பித்த அந்தக் கார்டு. அதைக் கிட்டாரில் அப்படியே எடுக்க முயன்ற தலைமுறைகள் எத்தனையோ, வருமா என்றால் வராது. ஹாரிசன் 2001ல் ரசிகர்களின் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, தான் வாசித்தது எஃப் கார்டு, மேலே ஒரு ஜி, பன்னிரண்டு கம்பியில் என்றார். ஆனால் பேஸ் (அடி) ஸ்வரத்துக்குக் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் பால் மெக்கார்ட்னியைத்தான் கேட்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். மெக்கார்ட்னியின் பேஸில் டி ஒலிக்கிறது, லெனானின் கிட்டார் இருக்கிறது, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பியானோவும் கலந்திருக்கிறது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன் 2004ல் அந்தச் சில வினாடி ஒலியை ஃபூரியே முறைப்படி தனித்தனி அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்த்தார். கிட்டார் கம்பிகளை மட்டும் வைத்து அந்த அதிர்வெண்களை விளக்க முடியவில்லை, ஒரு பியானோ இருந்தாக வேண்டும் என்று வாதிட்டார். யார் எந்த ஸ்வரத்தை வாசித்தார்கள் என்ற விவரத்தில் அவருடன் எல்லோரும் உடன்படவில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நாற்பது வருடமாக ‘ஒரு கிட்டார் கார்டு’ என்று நினைத்துக்கொண்டிருந்த ஒலி பல கைகள் சேர்ந்து எழுப்பியது என்று கணக்குப் போட்டுக் காட்டியதே பெரிய காரியம்.

அதே பாட்டின் நடுவில் வரும் வேகமான தனிவாசிப்பிலும் ஒரு வேலை நடந்திருக்கிறது. ஒலிநாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஹாரிசன் பன்னிரண்டு கம்பியிலும் மார்ட்டின் பியானோவிலும் நிதானமாக, ஒரு ஸ்தாயி கீழே வாசித்தார்கள். பிறகு நாடாவை முழு வேகத்தில் ஓட்டியபோது வேகம் இரட்டித்தது, சுருதியும் ஒரு ஸ்தாயி ஏறியது. வெறும் கிட்டாரை வைத்துக்கொண்டு ‘ஏன் எனக்கு அந்த ஓசை வரவில்லை’ என்று வருந்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதுவரை சொன்னது ஒரு கிட்டாரின் பிறப்பும் இளமையும். அது என்ன செய்தது என்பதும் அதன் வரலாறுதான். 1964 ஜூலையில் பீட்டில்ஸ் நடித்த ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ திரைப்படம் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலஸில் அதைப் பார்த்தவர்களில் ஒருவர் ரோஜர் மெக்கின், அப்போது ஜிம் என்று பெயர். நாட்டுப்பாடல் உலகத்திலிருந்து வந்தவர், பேஞ்சோவும் அகௌஸ்டிக் பன்னிரண்டு கம்பியும் கைவந்தவர். திரையில் ஹாரிசன் முன்பக்கம் காட்டி நின்றபோது கிட்டார் ஆறு கம்பி போலத்தான் தெரிந்தது. அவர் பக்கவாட்டில் திரும்பியபோது தலையின் பின்பக்கத்திலிருந்து இன்னும் ஆறு கீகள் நீட்டிக்கொண்டிருப்பது மெக்கினுக்குத் தெரிந்துவிட்டது! டிக் பர்க் இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த அந்த வேலை கிட்டாரை முதலில் மறைத்தது, பிறகு அதுவே காட்டியும் கொடுத்தது. மெக்கின் போய் ஒரு ரிக்கன்பேக்கர் 360/12 வாங்கினார்.

1965 ஜனவரி 20ல் அவருடைய குழுவான தி பேர்ட்ஸ், பாப் டிலன் எழுதிய ‘மிஸ்டர் டம்பரின் மேன்’ பாட்டைப் பதிவு செய்தது. குழுவில் அன்று வாத்தியம் வாசித்தவர் மெக்கின் மட்டும்தான், மற்றவர்கள் ஸ்டூடியோ கலைஞர்கள். பேஞ்சோவில் பழகிய விரல் ஓட்டத்தைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார், பதிவில் உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளி குறையும்படி ஒலியை நன்றாக அமுக்கி இறுக்கினார்கள். பன்னிரண்டு கம்பியின் ஒலி எழுந்த வேகத்தில் மங்கிவிடும், இறுக்கியதால் அது நீண்டு நின்றது. ஏப்ரலில் வெளிவந்த பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. ஹாரிசனின் கிட்டார் ஒரு குழுவின் பாட்டுகளுக்கு நிறம் கொடுத்தது என்றால், மெக்கினின் கிட்டார் ஒரு பாணியையே தொடங்கி வைத்தது. பின்னால் டாம் பெட்டி, தி ஸ்மித்ஸின் ஜானி மார் என்று அந்தப் பாதையில் நடந்தவர்கள் பலர்.

அந்த ஓசை ஹாரிசனிடமே திரும்பியும் வந்தது. பேர்ட்ஸின் முதல் ஆல்பத்தில் ‘தி பெல்ஸ் ஆஃப் ரிம்னி’ என்று ஒரு பாட்டு, அதில் மெக்கின் வாசித்த பன்னிரண்டு கம்பி மெட்டு ஹாரிசனுக்குப் பிடித்துப்போக, அதன் தாக்கத்தில் ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’ எழுதினார். ஏழாவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே ஓடும் கட்டை) கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமுக்கும் கவ்வி) போட்டு, டி கார்டின் வடிவத்தைப் பிடித்தபடி வாசிக்கும் பாட்டு. யாரிடமிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவும் இல்லை, மெக்கினுக்கே சொல்லியனுப்பினார்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’ பதிவானது 1965 அக்டோபரில். கேட்பதற்கு ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு கம்பி, வாசித்தவர் ஹாரிசன், அப்படியானால் அதே கிட்டார்தான் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் 1965 ஆகஸ்ட் 21 அன்று மினியாபோலிஸில் நிகழ்ச்சிக்கு வந்தபோது, அந்த ஊர் இசைக்கருவிக் கடையான பி-ஷார்ப் மியூசிக் அவருக்கு இன்னொரு 360/12 பரிசளித்தது. அது புதிய வடிவம். முன்பக்க ஓரங்கள் உருட்டிவிட்டவை, கை உறுத்தாமல் சாய்வதற்கு. கூர்மையான ஓரத்தை மறக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான். புகைப்படத்தில் ஹாரிசன் கையில் பன்னிரண்டு கம்பி இருந்தால் முதலில் உடலின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் கூர்மையாக, வெள்ளைப் பட்டையோடு தெரிந்தால் 1963 டிசம்பர் கிட்டார், உருண்டிருந்தால் மினியாபோலிஸ் கிட்டார். ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’ இந்த இரண்டாவதன் கணக்கில் வரும். போதாததற்கு லெனானுக்கும் 325 உடலில் ஒரு பன்னிரண்டு கம்பியை ரிக்கன்பேக்கர் செய்து கொடுத்தது. குழுவுக்குள் மூன்று ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு கம்பிகள் இருந்தன என்று தெரியாமல் காதை மட்டும் வைத்துத் தேடினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

நீங்களே தேட ஆசைப்பட்டால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் பாட்டு பதிவான நாள், அடுத்து அந்த நாளுக்குப் பக்கத்தில் எடுத்த படங்கள், படத்தில் ஓரம், தலை, பட்டை. கடைசியில் ஹெட்ஃபோனை மாட்டுங்கள். அப்போதும் பியானோ எங்கே, ஒட்டுப்பதிவு (முன்பே பதிந்ததன் மேல் பின்னால் சேர்த்த வாசிப்பு) எங்கே என்று சந்தேகத்தோடு கேளுங்கள். ரிக்கன்பேக்கர் பின்னாளில் 360/12சி63 என்ற பெயரில் பழைய கூர்மையான ஓரத்தோடு மறுபதிப்பும் செய்தது, அதனால் இன்றைய மேடைகளில் அந்த வடிவத்தைப் பார்த்ததும் அசல் என்று எண்ணிவிடாமல் எண்ணைக் கேளுங்கள். சிஎம்107 ஒன்றுதான்; 2001 நவம்பரில் ஹாரிசன் இறக்கும் வரை அது அவரிடமே இருந்தது.